எர்ணாவூர் வளைவு

நம் வயசு தோஸ்துகளுக்கு மட்டும் சொல்கிறேன். இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டும். நான் ஒன்பதாவது பெயில். இன்றைக்கு என் யார்டில் பதினோரு டிரெய்லர் நிற்கிறது, எனக்கு பில் போட்டுத் தருகிறவர் பி.காம். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். போகிற கல்யாணத்தில் எல்லாம் நானே சொல்லியிருக்கிறேன். தெரியாத சங்கதி ஒன்று உண்டு. துறைமுக கேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் ரோடு போட்ட ஆட்களில் நானும் ஒருத்தன். வெளியே போட்ட ரோடு இரண்டு மழைக்குத் தாங்காது. நாங்கள் போட்டதில் ஒரு ஜல்லி பெயரவில்லை, ஏனென்றால் அது கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

இதைக் கிளறிவிட்டவர் என் மாப்பிள்ளை. எங்கள் பக்கம் இருபதில் கல்யாணம், நாற்பதில் மாமனார். மாமனார் என்றதும் கிழவன் என்று கணக்குப் போடாதீர்கள். மாப்பிள்ளைக்கு ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. வேலை. தலை தீபாவளிக்கு மற்ற வீட்டில் மோதிரம் கேட்பார்கள், பைக் கேட்பார்கள். இவர் கூச்சப்பட்டு, என் மகள் வாயால் கேட்டது ஒரு ஸ்டீயரிங். டிவியில் லாரி ஓட்டுகிற விளையாட்டு இருக்கிறதே, அதற்கு மாட்டுகிற ஸ்டீயரிங். கீழே மூன்று பெடல், பக்கத்தில் கியர். இருப்பதிலேயே பெரிதாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். வாசலில் நிஜ டிரெய்லர் நிற்கிறது, ஹாலில் மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறார். என் சம்சாரம் தலையில் அடித்துக்கொள்வாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. எனக்கு ஒரு மழைக்காலம் ஞாபகம் வந்துவிடும்.

நான் ஒன்பதாவதில் இருந்த மழைக்காலம் அது. திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் அண்ணாச்சியின் மளிகைக் கடை. தெற்கத்திக்காரர். முன்பக்கம் அரிசி பருப்பு மொத்த வியாபாரம், பின்பக்கம் மிளகாய் மூட்டை அடுக்குகிற அறை. அண்ணாச்சியின் மகனை நாங்கள் அண்ணன் என்போம். அவர் ஏதோ ஒரு கோர்ஸ் முடித்துவிட்டு, அப்பாவிடம் இரண்டு நாள் பட்டினி கிடந்து, மிளகாய் அறையில் பாதியை வாங்கிக்கொண்டார். அதில் ரிச்சி தெருவில் பிடித்த மூன்று பழைய கம்ப்யூட்டர். ஒவ்வொன்றின் மேலும் அவர் அம்மாவின் பழைய புடவையில் தைத்த உறை.

அந்த அறையின் வாடை எனக்கு இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. மிளகாய் நெடி, பெருங்காயம், சூடான பெட்டியிலிருந்து வரும் பொசுங்கல், ஜன்னல் திறந்தால் கருவாடு. கீபோர்டு இடுக்கில் எல்லாம் மிளகாய்த்தூள். வேகமாகத் தட்டினால் தும்மல் வரும், கண்ணைக் கசக்கினால் தீர்ந்தது. ஒருத்தன் அழுதுகொண்டே விளையாடினால், தோற்று அழுகிறானா மிளகாய்க்கு அழுகிறானா என்று கண்டுபிடிக்க முடியாது.

அங்கே ஒரு வெளிநாட்டு லாரி விளையாட்டு இருந்தது. பனி விழுகிற ஊர், காலியான ரோடு, குறுக்கே ஒரு நாய்கூடக் கிடையாது. இரண்டு நாளில் அலுத்துவிட்டது. அப்போதுதான் அண்ணன் அந்த விளையாட்டின் உள்ளறையைத் திறந்து பார்த்தார். லாரியின் தோலைத் தனியாக உரித்து, ஆட்டுத்தோலைக் காயப்போட்ட மாதிரி தட்டையாக விரித்து வைத்திருந்தான் அதைச் செய்த வெள்ளைக்காரன். லாரிமேல் ஒட்டுகிற படம்தான். படம் வரைகிற புரோகிராமில் திறந்தால் திறந்தது. பூட்டு இல்லை, கேள்வி இல்லை.

நான் லாரியின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டேன். படிப்பில் நான் சைபர், ஆனால் அந்த உருண்டை வைத்த மவுசைப் பிடித்து ‘சவுண்ட் ஹார்ன்’ என்று எழுதினேன் பாருங்கள், லாரி பெயின்டர் வந்து பார்த்திருந்தால் என்னைக் கையோடு கூட்டிப் போயிருப்பான். மஞ்சள் அடித்து, இரண்டு கண் வரைந்து, முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கவிட்டோம். மறுபடியும் விளையாட்டைப் போட்டால், பனி விழுகிற ஊரில் எங்கள் லாரி போகிறது. நாங்கள் மூட்டைமேல் ஏறிக் குதித்ததில் அண்ணாச்சி முன்பக்கத்திலிருந்து படிக்கல்லோடு ஓடி வந்தார்.

கம்பெனி விளையாட்டை இப்படி நாமே மாற்றிக்கொள்வதற்குப் பெயர் ‘மாட்’ என்று மாப்பிள்ளைதான் இப்போது சொன்னார். எங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. நாங்கள் ‘நம்மளுது’ என்போம். இது கம்பெனிது, இது நம்மளுது. ராயபுரத்திலிருந்து ஒருத்தன் தன் மாமனுடைய மூன்று சக்கர மீன்பாடி வண்டியை வரைந்து பிளாப்பியில் போட்டுக்கொண்டு வந்தான். யானைக்கவுனியிலிருந்து வந்த ஒரு பையன் கொடுத்த சி.டி.யில் ரோடு போடுகிற சாமானே இருந்தது. துண்டு துண்டான ரோட்டை அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டே போகலாம். ஒன்று கொடு, ஒன்று எடுத்துக்கொள். அதுதான் ஏற்பாடு. நம்மளுதுக்குக் காசு கேட்கலாம் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

ரோடு போடுகிற சாமான் கைக்கு வந்ததும் எங்கள் ஊரையே போட ஆரம்பித்தோம். துறைமுக கேட்டு, கடலோரக் கருங்கல், சர்ச்சு கோபுரம், டீக்கடை. அப்புறம் நாங்கள் செய்த கூத்துதான் பெரிது. துறைமுகத்து ரோடு என்றால் கியூ இல்லாமலா? கேட்டுக்கு முன்னால் லாரியை வரிசையாக அடுக்கினோம், ஒன்றை ஒன்று முட்டுகிற மாதிரி. விளையாட்டைப் போட்டால் எங்கள் வண்டி வரிசைக் கடைசியில் போய் நின்றது. நின்றது நின்றதுதான். முன்னே போக வழியில்லை, பின்னே இன்னும் இரண்டு லாரி. உலகத்திலேயே வண்டி நகராத லாரி விளையாட்டு எங்களுடையது ஒன்றுதான். ஆனால் அதற்குத்தான் கூட்டம். அரிசி வாங்க வந்த டிரைவர்கள் பின்பக்கம் எட்டிப் பார்த்து, அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருத்தர் சொன்னார், இதில் ஸ்டவ் பற்ற வைத்துச் சோறாக்க முடிந்தால் வீட்டுக்கே போக வேண்டியதில்லை என்று. பிறகு அண்ணன் மனசிரங்கி ஓரத்தில் ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி விட்டார்.

என் அப்பா, எங்கள் நைனா, மட்டும் வரவில்லை. அந்தத் தெருவில் அவரை மிஞ்சிய டிரெய்லர் டிரைவர் கிடையாது. ரிவர்ஸில் கண்டெய்னரைச் சந்துக்குள் விடுவார், சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம் விடிகிற நேரத்தில், எர்ணாவூர் வளைவில் அவர் வண்டி ஒரு மீன்காரம்மாவைத் தட்டிவிட்டது. கூடையோடு ரோட்டைக் கடந்த அம்மா. உயிர் பிழைத்தது, ஒரு கால் சரியாகவில்லை. தப்பு நைனா மேல் இல்லை என்று போலீஸும் சொன்னது, அந்த அம்மாவே சொன்னது. அதற்கப்புறம் நைனா வண்டியில் ஏறவில்லை.

முதுகு வலி என்றார். நாள் முழுக்கப் பாயில் கிடந்தார். சோம்பேறித்தனம் என்றார் என் மாமா. குடி என்று முடிவு கட்டினாள் அம்மா. அதற்கு அவளிடம் சாட்சி இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் நைனா சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போவார், கொஞ்சம் நாறிப்போன மீனோடு வருவார். வாய் வாடையை மறைக்கத்தான் மீன் வாடை என்பாள் அம்மா. வெள்ளிக்கிழமை வீட்டில் மீன் வருகிறதே என்று சாமி படத்தைத் திருப்பி வைப்பாள். அவர் எர்ணாவூர் குப்பத்துக்கு பஸ் ஏறிப் போய், வாசலில் உட்கார்ந்தபடி மீன் விற்கிற அந்த அம்மாவிடம் மிச்ச மீனை வாங்கிவருகிறார் என்பது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. பெரியவர்கள் ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவு தப்பாகப் படித்திருக்கிறார்கள் பாருங்கள், அத்தனை பேரும் என்னைவிட அதிகம் படித்தவர்கள்.

வண்டி முதலாளி நல்ல மனுஷன். ஒருநாள் வீட்டுக்கே வந்து, பொங்கல் வரைக்கும் பார்க்கிறேன், அதற்குமேல் வண்டியைச் சும்மா நிறுத்த முடியாது, வேறு ஆளை உட்கார வைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நைனா சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த வண்டியை வேறு ஒருத்தன் ஓட்டினால் நைனா பாயைவிட்டு எழுந்திருக்கவே மாட்டார் என்று எனக்குப் பட்டது.

இதே நாட்களில் எங்கள் ரோடு திருவொற்றியூரைத் தாண்டி எர்ணாவூரை நெருங்கியது. ரோட்டுத் துண்டு ஒட்டுகிற வேலை என்னுடையது. அன்றைக்கு அண்ணன் என்னைப் போய் இஞ்சி டீ வாங்கி வா என்றார். திரும்பி வந்தால் எர்ணாவூர் முடிந்திருந்தது. இடது பக்கம் கொட்டகை, வலது பக்கம் கடல், நடுவில் ரோடு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போயிற்று. வளைவு இல்லை. அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் டீயைக் குடித்தார். நானும் கேட்கவில்லை. டீயும் நன்றாகத்தான் இருந்தது.

மார்கழியில் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பிவிட்டார்கள், பையன் வருவதே இல்லை என்று. அம்மா கத்திய கத்தலில் நைனா பாயைவிட்டு எழுந்து, லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு, என்னை இழுத்துப்போக மிளகாய் அறைக்கு வந்தார். என் காதைப் பிடித்தார். பிடித்தபடியே நான்கு தும்மல் போட்டார். ஐந்தாவது தும்மலுக்குக் கண்ணைத் திறந்தவர், திரையைப் பார்த்தார்.

“இன்னாடா இது, நம்ம கேட்டு மாதிரி கீது?”

காதை விட்டுவிட்டார். அண்ணன் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். நைனா உட்கார்ந்த விதம் இருக்கிறதே, நாற்காலியில் உட்காரவில்லை, வண்டியில் ஏறினார். முதலில் ஹார்ன் எங்கே என்று கேட்டார். அம்புக்குறி பட்டனை இரண்டு கையாலும் ஸ்டீயரிங் மாதிரி பிடித்தார். திருப்பத்துக்கு உடம்பு மொத்தமும் சாய்ந்தது. கியூவைப் பார்த்ததும் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். அந்த விபத்துக்கு அப்புறம் அவரிடம் நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று போய்க்கொண்டே இருந்தவர் எர்ணாவூருக்குள் நுழைந்ததும் கையை எடுத்துவிட்டார்.

“ரோடு தப்பா கீது,” என்றார்.

பக்கத்து நாற்காலிப் பையன்கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டான்.

“இங்க ஒரு வளைவு கீது. அத்த எங்க போட்டீங்க?”

அண்ணன் தரையைப் பார்த்தார். “வேணும்னுதான் விட்டம்ணே. நீங்க என்னைக்காவது வந்து பார்த்தா...” என்று இழுத்தார்.

“எனக்கோசரம் ரோட்ட நிமுத்திட்டீங்களா?”

நைனா கோபமாகக் கேட்கவில்லை. ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரிடம் வழி கேட்கிற குரலில் கேட்டார். அப்புறம், வளைவைப் போடு என்றார். போடும்வரை பீடிகூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் துண்டு துண்டாக ஒட்ட ஒட்ட, இன்னும் கொஞ்சம், கடல் பக்கமா, அவ்ளோ இல்ல என்று சொல்லிக்கொண்டே வந்தார். முடிந்ததும் இன்னொன்று கேட்டார்.

“அந்த அம்மாவையும் போட்டுடு தம்பி.”

விளையாட்டில் ஆட்கள் உண்டு. கோட்டும் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரர்கள். அண்ணன் ஒருத்தரின் தோலை விரித்து, கோட்டைப் புடவையாக்கினார். நான் பச்சைக் கரை வைத்தேன். தொப்பியை மட்டும் எடுக்க முடியவில்லை, அது தலையோடு ஒட்டிப் பிறந்திருந்தது. கடைசியில் தொப்பிக்கு ஓலை நிறம் அடித்து, அதுதான் மீன் கூடை என்று வைத்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் கூடைதான். கிட்டத்தில் பார்த்தால் தொப்பி போட்ட மீன்காரம்மா. நைனா நெடுநேரம் பார்த்துவிட்டு, “கூடை இன்னும் பெருசு,” என்று மட்டும் சொன்னார்.

பிறகு வண்டியை எடுத்தார். வளைவு வந்தது. கொட்டகை ஓரத்திலிருந்து அந்த அம்மா ரோட்டில் இறங்கினாள். நைனாவின் கை பட்டனைத் தேடவே இல்லை. இருபது வருஷப் பழக்கம், வலது கால் பிரேக்கை ஓங்கி மிதித்தது. மேஜைக்குக் கீழே அந்த இடத்தில் இருந்தது பிளக் பலகை. மூன்று கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் செத்தன. பக்கத்துப் பையன் அடித் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டான், பாவம், அவன் ஜெயிக்கிற நேரம்.

இருட்டுத் திரைக்கு முன்னால் நைனாவுக்கு மூச்சு வாங்கியது. நெற்றியில் வேர்வை.

“நின்னுச்சா?” என்றார்.

யாருக்குத் தெரியும்? திரையில்தான் ஒன்றும் இல்லையே. அண்ணன்தான் சொன்னார்: “கரெண்டே நின்னுட்டுண்ணே. வண்டி நிக்காதா?”

நைனா சிரித்தார். சிரித்தபடியே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மிளகாய் நெடி என்று நான் நினைத்துக்கொண்டேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் அண்ணன் பிளக் பலகையை மூட்டைமேல் ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு செங்கல்லை வைத்தார். நைனா கால் செங்கல்லை மிதிக்கும், நான் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் பட்டனை அமுக்குவேன். அப்படி எத்தனையோ தடவை அந்த அம்மா ரோட்டைக் கடந்தாள். ஆரம்பத்தில் சில தடவை என் கை முந்தவில்லை. அந்த நாட்களில் நைனா எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார், மறுநாள் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். பையன் கெட்டது போதாதென்று அப்பனையும் கெடுத்துவிட்டான் என்று அம்மா கடை வாசலில் வந்து நின்று சண்டை போட்டாள். அண்ணாச்சி தராசிலிருந்து தலை தூக்காமல், “தாயி, ரெண்டு பேருக்கும் சேத்துக் கடைய எழுதித் தந்துரவா?” என்று கேட்டார்.

போகிக்கு முதல் நாள் நைனா சட்டை மாட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனார். பொங்கல் கழிந்து எடுத்த முதல் டிரிப்பில் என்னையும் கேபினில் ஏற்றிக்கொண்டார். எர்ணாவூர் வளைவில் பட்டப்பகல், ரோட்டில் ஒரு குருவி கிடையாது. நைனா வண்டியை நிறுத்தினார். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான், கெட்ட வார்த்தையில் திட்டினான். நைனா, ஓர் ஆள் ரோட்டைக் கடக்கிற நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கியரைப் போட்டார். ஸ்டீயரிங் பிடித்திருந்த வரைக்கும் அப்படித்தான். அவர் உயிர் கட்டிலில் போனது, ரோட்டில் இல்லை. என் பதினோரு வண்டியும் இன்றைக்கும் அங்கே நிற்கும். புது டிரைவர் சேர்ந்தால் நான் முதலில் சொல்வது அதைத்தான், ஏன் என்று கேட்டால் சம்பளம் தருகிறவன் சொல்கிறான் என்பேன்.

அந்த விளையாட்டின் அடுத்த பாகம் இரண்டு வருஷத்தில் வந்தது. அண்ணன் ஆசையாக உள்ளறையைத் திறந்தார். தோலைக் காணோம், எல்லாம் பூட்டு. கொஞ்ச நாளில் அவர் ஊருக்குப் போயிருந்தபோது, அண்ணாச்சி மூன்று பெட்டியையும் காயலான் கடைக்குக் கொடுத்துவிட்டு ஐஸ்கிரீம் பெட்டி வாங்கிப் போட்டார். எங்கள் ரோடும், வளைவும், அந்த அம்மாவும் அதோடு போயிற்று. அண்ணாச்சிமேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கு அதற்குள்ளே என்ன இருந்தது என்று தெரியாது, எங்களுக்கும் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. முதல் ஐஸை எனக்குத்தான் கொடுத்தார்.

மாப்பிள்ளையின் விளையாட்டில் எல்லாமே தனித்தனி விலை. லாரிக்கு வேறு பெயின்ட் என்றால் காசு, ஹார்ன் என்றால் காசு, முன்னால் ஒரு மாலை தொங்க வேண்டுமென்றால் அதற்கும் காசு. முன்பெல்லாம் ஆளாளுக்குச் செய்து சும்மா கொடுப்பார்களாம், இப்போது கம்பெனி விடுவதில்லையாம். காசு வாங்குவது தப்பில்லை, நானும் வியாபாரிதான். ஆனால் வண்டியை விற்றவன், அதில் எலுமிச்சம்பழத்தையும் நான்தான் கட்டுவேன் என்றால் எப்படி?

இந்தப் பொங்கலுக்கு மாப்பிள்ளை ஓடி வந்தார். சென்னை துறைமுகம் புதிதாக வந்திருக்கிறது மாமா, தனியாக வாங்க வேண்டும் என்றார். நானே வாங்கிக் கொடுத்தேன். ஸ்டீயரிங்கில் என்னையே உட்கார வைத்தார். நிஜ பிரேக், செங்கல் இல்லை. படம் என்றால் அப்படி ஒரு படம், கடல் அலைகூட நுரைக்கிறது. கேட்டு இருந்தது, கியூ இல்லை. காசிமேடு, திருவொற்றியூர் எல்லாம் பலகையில் இருந்தது. எர்ணாவூர் வந்தது. அகலமான ரோடு, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போயிற்று.

பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. பின்னால் ஹார்ன். திரையில் சிவப்பாக ஏதோ எழுத்து வந்து, பாயின்ட் குறைய ஆரம்பித்தது.

“ஏன் மாமா நிக்கிறீங்க? ரோடு ஃப்ரீயாதானே இருக்கு?”

“ரோடு தப்பா கீது மாப்ளே. இங்க ஒரு வளைவு கீது.”

“அதை நாம மாத்த முடியாது மாமா.”

“தெரியும். ஒரு அம்மா கடக்கணும். போவட்டும்.”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பாயின்ட் குறைந்துகொண்டே இருந்தது. படித்த பிள்ளை, காரணம் கேட்கவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு, என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்:

“தாண்டிட்டாங்களா மாமா?”